நூறு சதவீத கவரேஜும் கிரேசி கல்யாணமும்

…இல்ல சார், நீங்களே சொல்லுங்க, ஈஸ்டர்னா என்னன்னு தெரியாத ஆளு ஈஸ்டருக்கு கம்ப்யூட்டர் கோடு எழுதலாமா? எங்க ஆபீஸ்ல அறிவழகன்னு ஒருத்தரு. செம்மண்டலத்துல மெடிக்கல் ஷாப்புக்கு மேல மாடிதான் ஆபீஸு. நல்ல மனுசன், நல்லா எழுதுவாரு, அதெல்லாம் சரி. அவரால இப்ப சம்பந்தி மூஞ்சில எப்புடி முழிக்கிறதுன்னு தெரியாம சிதம்பரம் பஸ்ஸுல டிக்கெட் எடுத்துகிட்டு ஒக்காந்திருக்கேன். பையி இடிக்கிதா? பழம்தான். சம்பந்திக்கு.

எங்க பங்குக் கோயிலுக்கு, சர்ச்சுதான் சார், ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. தேதிய நோட்டுலதான் எழுதுவாங்க. செல்வாக்கு உள்ளவன் வந்தா நம்ம பேர அடிச்சிட்டு அவன் பேர எழுதிக்குவான். வருஷா வருஷம் சண்ட. அதான் பங்குச் சாமியாரு எங்ககிட்ட பிளாக்செயின்ல போடச் சொன்னாரு. ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டும்பாங்க… ஒண்ணுமில்ல சார், ஒரு புரோகிராமு. மேல ஏத்திட்டா யாராலயும் மாத்த முடியாது. சாமியாராலயும் முடியாது. ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தேதி, பதிஞ்சா பதிஞ்சதுதான்.

மாத்த முடியாதுல்ல, அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே சோதிக்கணும். அது என் வேல. கவரேஜ்னு ஒண்ணு பாப்போம். போலியோ சொட்டு மருந்து குடுக்க வர்றவுங்க, இந்த வீடு முடிஞ்சிதுன்னு செவுத்துல சாக்பீஸால எழுதிட்டுப் போவாங்கல்ல? அதேதான். சோதன எந்த வரிக்கெல்லாம் போச்சோ அது பச்ச, போவாத வரி செவப்பு. நூறு சதவீதம் வராம ஏத்தவே முடியாதபடி செட்டிங்ல பூட்டு போட்டாச்சு. யாரு போட்டதா? நான்தான். அத விடுங்க.

குடிகாடு வந்துட்டுதா? கெமிக்கல் கம்பெனி நாத்தம், மூக்கே சொல்லிடுது பாருங்க.

ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வாரமா எண்பத்தொம்போதுலயே நின்னுது சார். ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளு தவக்காலம், கல்யாணம் வெக்கக் கூடாது, அதுக்காக ஈஸ்டர் தேதி கணக்குப் போடுற ஒரு ஃபைலு, அதுதான் முழுக்க செவப்பு. ஈஸ்டர்ங்கறது ஒரு பௌர்ணமிக்கு அப்புறம் வர்ற ஞாயிறு. அந்தப் பௌர்ணமியே ஞாயித்துக்கெழமைல வந்துட்டா? அடுத்த ஞாயிறு. அறிவழகன் அன்னிக்கேன்னு எழுதிட்டாரு.

தொடங்கி வெக்கிற அன்னிக்கி சாமியாரு, "சகாயநாதன், மொதப் பதிவு உம்ம வீட்டோடதா இருக்கட்டும்"னாரு. எம்பொண்ணு கிரேசிக்கும் சிதம்பரத்து லியோவுக்கும் கல்யாணம். ஈஸ்டருக்கு அப்புறம் மொதப் புதன்னு ஒரு பட்டன். அமுக்குனேன். தேதியக்கூடப் பாக்காம எல்லாரும் கை தட்டுனாங்க. இந்த வருஷம் பாத்து பௌர்ணமி ஞாயித்துக்கெழமைல வருது. பதிஞ்சது ஒரு வாரம் முந்தி, பெரிய வெள்ளிக்கு, அதான் குட் ஃப்ரைடேக்கு, ரெண்டு நாளு முன்னாடி. தவக்காலத்துல எங்க பீடத்துல பூவே வெக்க மாட்டாங்க சார், இதுல கல்யாணம். எம் வீட்டுக்காரி பாத்திமா மேரி காலண்டரப் பாத்துட்டு சிரிச்சா பாருங்க, இன்னும் நிறுத்தல.

சம்பந்தி அப்பவே சிதம்பரத்துலயே வெச்சிக்கலாம்னாரு. எங்க மண்டபம் மாதிரி வருமான்னு நான்தான் மல்லுக்கு நின்னேன். இப்பப் போயி, உங்க ஊர்ல எடம் கெடைக்குமான்னு கேக்கணும்.

நீங்க பாக்குற பார்வை புரியுது. நூறு வராம ஏத்த முடியாதே, எப்புடி ஏத்துனோம்? அந்த செட்டிங்ல ஒரு பட்டியல் உண்டு. எந்த ஃபைல கணக்குல சேக்க வேணாம்னு அதுல எழுதலாம். கதவத் தெறக்காத வீட்ட கணக்குலேருந்தே எடுத்துட்டா, மிச்சத் தெரு நூறு சதவீதம்தான? ஈஸ்டர் ஃபைலு பேர யாரோ அதுல எழுதிட்டாங்க.

யாரோ என்ன யாரோ. நான்தான் எழுதுனேன்.

அறிவழகன் கேட்டாரு சார். "அண்ணே, ஈஸ்டர் பத்தி எனக்குத் தெரியாது, நீங்க ஒருதடவ பாத்துடுங்க"ன்னாரு. அம்பத்தி நாலு ஈஸ்டர் பாத்தவனுக்குத் தெரியாததான்னு நெனச்சேன். உண்மையா சொன்னா, அந்த ஞாயித்துக்கெழம சமாச்சாரம் எனக்கே தெரியாது. சாமியாரு தேதி சொல்லுவாரு, நாம போவோம், அவ்ளோதான்.

எங்க எழுந்திரிச்சிட்டீங்க? இது புதுச்சத்திரந்தான? சிதம்பரம்னுதான டிக்கெட் வாங்குனீங்க. சரி சரி, பாத்து எறங்குங்க. நல்லதாப் போச்சு, சம்பந்திகிட்ட பேசறத ஒருதடவ சோதிச்சுப் பாத்த மாதிரி ஆச்சு. எல்லாம் சரியாத்தான் வருது. அந்தப் பட்டியல்ல எழுதுனத மட்டும் வேணாம், அத விட்டுட்டு மிச்சத்த…

பாத்தீங்களா சார். மறுபடியும் ஒரு வீட்டக் கணக்குலேருந்து எடுக்குறேன்.