விளக்கு மீனும் பென்குயினும்

மேனேஜர் வந்துடுவாரு தம்பி, ஏன் பறக்கிறீங்க? வீடு எங்க ஓடிடப் போகுது? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. என் தங்கச்சி புருஷனுக்கு இந்தக் காட்சிசாலையில ஒரு வேலை வேணும்னு நான் சொன்னதுக்காகத்தான் அவரு வர்றதே. குரலை மட்டும் கொஞ்சம் இறக்குங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓரமா ஒருத்தன் அசையாம நிக்கிறானே, அந்தப் பென்குயின் காலு மேல முட்டை இருக்கு. மிரண்டு நகர்ந்தான்னா முட்டை ஐஸ்ல உருண்டுடும்.

வர்ற வழியில ஜாடிக்குள்ள ஒரு கறுப்பு மீனைப் பாத்தீங்களா? பாக்கலையா? ஆழ்கடல் மீனு. நெத்தியில தூண்டில் மாதிரி ஒண்ணு, உயிரோட இருக்கிறப்ப அது நுனியில வெளிச்சம் இருக்கும். இதுவும் பென்குயினும் சண்டை போட்டா எது ஜெயிக்கும்னு இங்க பாக்க வர்ற பசங்க கேட்டுட்டே இருக்கும். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காதுடா, பென்குயின் மூச்சு வாங்க மேல வந்தாகணும், அந்த மீனு இருக்கிற இடத்துக்கு வெயிலே எட்டாதும்பேன்.

ரெண்டுக்கும் குளிருதான். பொழைக்கிற விதம்தான் வேற. அது இருட்டுல விளக்கைக் காட்டிட்டு வாயைப் பொளந்துட்டுக் கிடக்கும். வெளிச்சம்னு நம்பி வர்றது நேரா வாய்க்குள்ள. இவங்க அப்படி இல்ல. முட்டையை அப்பனும் ஆத்தாளும் மாத்தி மாத்தி வாங்கிப்பாங்க.

சேச்சே, உங்களை எதுக்குச் சொல்றேன்?

சரி, உங்களைத்தான் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல உக்காந்து என்னா பேச்சு, என்னா சிரிப்பு! எங்கம்மா மயங்கிப் போச்சு. நானும்தான். போன வாரம் தங்கச்சி கையில கட்டோட வந்து நின்னா. மாடிப்படியில விழுந்துட்டேன்னா. உங்க மக என் புடவையைப் பிடிச்சுட்டு, படி இல்ல பெரிம்மான்னுச்சு.

கையை எடுங்க. தோள்ல இருந்து கையை எடுங்க தம்பி. பென்குயின்களைத் தாண்டி எதிர்க் கண்ணாடிக்கு வெளிய அத்தனை பேர் பாத்துட்டு நிக்கிறாங்க, காவல்காரர் நம்மளையேதான் பாத்துட்டு இருக்காரு. கொஞ்சம் சிரிங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே.

இருங்க, போன்.

ம், சொல்லும்மா. ஏறிட்டீங்களா? பாப்பா அழுதாளா? சரி சரி... கிளம்பிடுச்சா? வச்சிடு.

அவதான். பிடுங்காதீங்க, நீங்க கூப்பிட்டா எடுக்க மாட்டா. உக்காருங்க தம்பி, மேனேஜரெல்லாம் வரமாட்டாரு. இங்க வேலையும் காலி இல்ல. நீங்க வீட்டு வாசல்லயே உக்காந்திருந்தா அவ எப்படிப் பெட்டியை எடுத்துட்டு வெளிய வர்றது?

எந்த ஊருன்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கே தெரியாது. என்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். நீங்க அழுதீங்கன்னா நான் நம்பிடுவேன்.