சுந்தரி வைத்த பொட்டு

லேக் மார்க்கெட்டில் இப்போது கிடைக்கிற காபிப்பொடியில் சிக்கரிதான் அதிகம். உங்கள் ஆபீஸ் காபியும் அங்கே வாங்கிய பொடிதான் என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, ராகவேந்திரன் சார். கல்கத்தா போலீஸில் ஒரு தமிழ் அதிகாரி இருந்து, கையில் விலங்கு போடாமல் உட்காரவைத்து, "ஆற அமர சொல்லுங்க பெரியவரே" என்று கேட்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆற அமரச் செய்வது எனக்குப் பழக்கம்தான்.

முதலில் என் மனைவி சொன்னதைத் தள்ளிவையுங்கள். இன்று காலை அவள் தனியாக இங்கே வந்து, குங்குமச் சிமிழை உங்கள் மேஜைமேல் வைத்து, நிதாய் மண்டலின் மகளைக் கொன்றது தான்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஓட்டை வங்காளியில் என்ன புரிந்ததோ, வாசலில் இருந்த கான்ஸ்டபிள் பிரசாதம் என்று நினைத்து நெற்றியில் இட்டுக்கொண்டாராம். சுந்தரிக்குக் கொசுவர்த்தி ஏற்றவே மனம் வராது. இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துப்பாக்கி என்னுடையது. வீட்டிலேயே, என் கையாலேயே செய்தது.

என் பெயர் வேதாச்சலம். சொந்த ஊர் ஆற்காடு. கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து, கார்டன் ரீச்சில் ஒரு பட்டறையின் டூல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். இரும்பை மயிரிழை சுத்தமாகத் தேய்க்கிற வேலை. எங்களுக்கு வெகுநாள் கழித்து ஒரே பெண் பிறந்தாள், சுபிக்ஷா. தொண்ணூற்றுமூன்றில், பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை ஒரு தனியார் பஸ் அடித்துப்போட்டது. இரண்டு பஸ்கள் ஆள் ஏற்றப் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஓரமாகத்தான் நின்றாள். தண்ணீர் பாட்டில் மட்டும் உடையாமல் கிடந்தது. பஸ்ஸை ஓட்டியவன் நிதாய். கேஸ் இழுத்தது, சாட்சிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள், அவன் வெளியே வந்தான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வரவில்லை சார். கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்றும் சாப்பிட்டேன், தூங்கினேன். பிறகு, நாங்கள் இருந்த பாலிகஞ்சிலேயே, ரயில் ஸ்டேஷனுக்கு அருகில் மூன்றாவது மாடிக்கு வீடு மாறினோம். காற்றோட்டத்துக்காக என்று சுந்தரியிடம் சொன்னேன். காற்றும் வரத்தான் செய்தது. மொட்டைமாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அப்பால் குளம், நாலைந்து தென்னை மரம், அதற்கும் அப்பால் நிதாயின் வீட்டு மாடி. அப்படி ஒரு ஜன்னலைத் தேடிப்பிடிக்க ஊரெல்லாம் அலைந்தேன்.

விஜயதசமியில் தொடங்கியது விளங்கும் என்று நமக்கு நம்பிக்கை. நானும் அன்றுதான் தொடங்கினேன். எப்படிச் செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் எக்ஸ்பர்ட் பிரித்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மறுபடி பூட்டி, மறுபடி பிரித்தார் என்று நீங்களே சொன்னீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை எடுத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். சரியாக வராத பாகங்களைத் துண்டு துண்டாக அறுத்துக் குளத்தில் போட்டேன். சர்வே வேலைக்கு ஒரு கருவி செய்கிறேன் என்று சுந்தரியிடம் சொல்லிவைத்தேன். அவள் கீழ்வீட்டு போஸ் பௌதியிடம் (பௌதி என்றால் இங்கே அண்ணி), 'எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகியும் சும்மா இருக்கிறதில்லை' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த அறையில் நான் தனியாக இருந்ததில்லை. அரம் போடுகிற சத்தம் கேட்டால் சுபிக்ஷா வந்துவிடுவாள். மூலையில் உள்ள முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். யூனிஃபார்ம், ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கும். "இன்னும் முடியலையாப்பா?" என்று கேட்பாள். அவசரப்படாதே அம்மா என்பேன். அவளை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பயமே இல்லை. அவள் வராத நாட்களில்தான் அரத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு தோட்டா சுட்டால் அடுத்தது தானாக ஏறுகிற மாதிரி ஏன் செய்தாய், அது இன்னும் கஷ்டமான வேலையாயிற்றே என்று எக்ஸ்பர்ட் கேட்கச் சொன்னாராம். கஷ்டம்தான். பல மாதங்கள் அதிலேயே போயின. காரணம் சின்னதுதான். மறுபடி தோட்டா ஏற்றக் கையை எடுத்தால் கண் விலகிவிடும். எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை.

பார்த்துப் பார்த்து நிதாயின் வீடு எனக்கு நம் வீடு மாதிரி ஆகிவிட்டது. குறி பார்க்கத் துப்பாக்கிமேல் பொருத்துகிற டெலஸ்கோப் வழியே அவன் துண்டில் இருந்த கிழிசல்வரை தெரியும். விஸ்வகர்மா பூஜைக்குப் பட்டம் விடுவான். சரியாக விடத் தெரியாது. மகளுக்கு அவனே எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவான். டும்பா என்று பெயர். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் இடுப்புக் குழந்தை. அவளை அவன் மா என்று கூப்பிடுவான். வங்காளிகள் பெண் குழந்தையை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அத்தனை தூரத்துக்குச் சத்தம் எங்கே கேட்கும்? ஆனால் உதடு மூடித் திறப்பது தெரியும். அந்தச் சொல்லுக்கு வங்காளியிலும் தமிழிலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. ஒருமுறை ரொம்ப நாள் மாடிக்கு வரவில்லை. அம்மை போட்டிருந்தது என்று பின்னால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மறுபடி மாடியேறி வந்தபோது மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றச் சொன்னேன். யாருக்காக என்று சுந்தரி கேட்டாள், பொதுவாகத்தான் என்றேன்.

இனி சுந்தரியின் பங்கு. ஆயுத பூஜையன்று வீட்டில் உள்ள எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம், குங்குமம் வைப்போமே, உங்கள் வீட்டிலும் உண்டுதானே? அரிவாள்மணை, தையல் மிஷின், என் அரங்கள், டிரில் எல்லாம் வரிசையாக இருக்கும். பூட்டிய பெட்டியும் இருக்கும். பெட்டிக்கு வருஷாவருஷம் பொட்டு உண்டு. இந்த வருஷம் டெலஸ்கோப்பைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தேன். சுந்தரி அதையும் பூஜையில் வைத்து, முன்பக்கக் கண்ணாடியின் நடுவிலேயே பொட்டு வைத்துவிட்டாள். சாமி படத்துக்குக் கண்ணாடிமேல்தானே வைக்கிறோம்? வேறெங்கே வைப்பது என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. இதைத்தான் உங்கள் வங்காளி எஸ்.ஐ.க்கு விளங்கவைக்க முடியவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. நான் தொடவில்லை. விஜயதசமி காலையில் அவள் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் தெருவெல்லாம் தாக் மேளம், வெடி. லாரிகளில் துர்க்கையை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார்கள். அந்த இரைச்சலில் ஒரு சத்தம் தனியாகக் கேட்காது. அதனால்தான் நீங்கள் எல்லோரும் குளக்கரைப் பக்கம் ரௌடிகளைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நிதாயும் மகளும் மாடிக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து ஊர்வலம் பார்த்தார்கள். அவள் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். தோளோடு தோள் என்று சொல்ல முடியாது. நடுவில் ஓர் ஆள் நிற்க இடமிருந்தது. சுட்டேன். டும்பா விழுந்தாள்.

அவன் வாய் திறந்ததைப் பார்த்தேன். அதே சொல்தான்.

அப்போது சுந்தரி பொரிகடலைத் தட்டோடு மேலே வந்தாள். கீழே பௌதிகள் செந்தூரம் பூசி விளையாடியதில் அவள் கன்னமெல்லாம் சிவப்பு. ஜன்னலில் இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தாள். தட்டு விழவில்லை, மெதுவாகக் கீழே வைத்தாள்.

"குழந்தைங்க அது. அங்க இருக்கிறது யாரு?"

"நிதாய்" என்றேன். "அவனைத்தான் குறி வெச்சேன் சுந்தரி. கண்ணாடியில நீ வெச்ச பொட்டு மறைச்சிடுச்சு."

அது தானாக நாக்கில் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. அவள் தன் மோதிரவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து நெற்றியில் பொட்டு வைக்கவில்லை. நான் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது இது என்ன கோலம் என்று பௌதி கேட்டாள். விளக்கு ஏற்றுவதில்லை. சமைக்கும்போதும் அந்த ஒரு விரலை மடக்கியே வைத்திருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும், உன் தப்பு அறியாமல் செய்த தப்பு என்று நான் தேற்றினேன். தினமும் தேற்றினேன் சார். இருந்தும் இன்று காலை இங்கே கிளம்பி வந்துவிட்டாள்.

நிதாய் நன்றாகத்தான் இருக்கிறான். தினமும் மாடிக்கு வந்து உட்காருகிறான். கையில் சீப்பு இருக்கும். என்னால் அவன்மேல் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஒரு விஷயம் என்னைப் படுத்துகிறது, அதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். சுபிக்ஷா வருவதில்லை. முக்காலி காலியாக இருக்கிறது. வேலை எதுவும் இல்லாமலே அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், வரவில்லை. கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்தால் வட்டத்துக்குள் அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது, அம்மைத் தழும்போடு. சுபிக்ஷாவுக்கு அம்மை போட்டதே இல்லை. என் மகளின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது சார்.

நீங்கள் ஏதோ கேட்டீர்கள். மறுபடி கேளுங்கள்.

ஆமாம், இரண்டாவது தோட்டா. அது ஏறித்தான் இருந்தது, எக்ஸ்பர்ட் சொன்னது சரி. நிதாய் மகளை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். விரலை ஒருமுறை மடக்கியிருந்தால் போதும். குறி தப்பியவன் ஏன் மறுபடி சுடவில்லை என்று கேட்கிறீர்கள். ஏழெட்டு வருஷம் பாடுபட்டவன் ஏன் பெட்டியில் வைத்துப் பூட்டினான் என்று கேட்கிறீர்கள். துப்பாக்கியில் எண்ணெய் பழசாக இருப்பதையும் கவனித்திருக்கிறார்கள். அதுவும் சரி. வேலை முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமும் நிதாய் தினம் என் எதிரே நின்றான்.

சுபிக்ஷா போனபோது ஆறாம் வகுப்பு. டும்பா வீட்டுக் கொடியில் இந்த வருஷம்தான் யூனிஃபார்ம் நிறம் மாறியது. அவளும் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பொட்டா? அதை அன்று காலையிலேயே துடைத்துவிட்டேன். பழைய வேட்டித் துணியால் ஒன்றுக்கு இரண்டு தரம் துடைத்து, ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ரயில் சிக்னல்மேல் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்குவரை தெரிந்தது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதைச் சுந்தரியிடம் சொல்லாதீர்கள் சார். தன் விரலால் ஒரு குழந்தை செத்தது என்று நினைத்துக்கொண்டால் எப்படியோ தாங்கிக்கொள்வாள். இது தெரிந்தால் அவள் மனசு தாங்காது. எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை.