இரண்டாவது தடவை தொட்டபோது

எனக்கு நகம் வளர்ப்பது பிடிக்காது. வலது ஆள்காட்டி விரலுக்குப் படுக்கப் போகும்போது கொஞ்சம் எண்ணெய்கூடத் தடவுவேன். "உங்களுக்கு அந்த விரல்தான் மொத சம்சாரம், நான் ரெண்டாவது" என்று மனைவி கேலி செய்வாள். உதவி அறுவை மருத்துவராக இத்தனை காலம் தள்ளியதே அந்த விரலை வைத்துத்தான்.

நீங்கள் மருத்துவர் இல்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன். கல்லீரலுக்கு மேலிருந்து ஒரு குழாய் ரத்தம் கொண்டுவரும். எங்கோ ஒருவருக்கு அதன் வாய் இறுகிப்போயிருக்கும். அவருக்குக் குடல் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குழாய், கணையத்தின் தலையை ஒட்டி எதிர்த்திசையில் ரத்தத்தை ஏற்றிக் கல்லீரலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். கணையத்தின் தலையை எடுக்க வேண்டுமானால் அந்தச் சின்னக் குழாயை வெட்டியாக வேண்டும். ஆகவே முதலில் அதைக் கவ்வியால் பிடித்துவைத்து, கல்லீரலுக்குப் போகும் குழாயில் உதவியாளர் விரல் வைத்துப் பார்ப்பார். துடித்தால் வெட்டலாம். நின்றுவிட்டால் வெட்டக்கூடாது, ரத்தத்துக்கு முதலில் வேறு வழி செய்ய வேண்டும்.

பெரிய டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். போன மழைக்காலத்தில் ஒருமுறை நான் துடிப்பு இல்லை என்றேன். அவர் தொட்டுப் பார்த்தார், இருந்தது. "அண்ணன் விரல் தூங்கிடுச்சு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து நர்ஸ்கள் மத்தியில் எனக்குத் 'தூங்குவிரல்' என்று பேர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்டிக்கொண்டதில்லை.

அந்தத் தையல்காரருக்குக் கணையத்தில் கட்டி. முந்தின நாள் வார்டில், "தையல் நெருக்கமா போடுங்க டாக்டர், பிரிஞ்சா சும்மா விடமாட்டேன்" என்று சிரித்தார். அவருடைய மகள் என் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். "எனக்கு அப்பாவ விட்டா யாருமில்ல சார்" என்றாள். "கவலையே படாதம்மா, நான் இருக்கேன்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் பெரிய டாக்டர் கவ்வியைப் போட்டுவிட்டு, "துடிப்பு இருக்காண்ணே?" என்றார்.

"இல்ல சார்."

அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மறுபடியும் தூங்கிட்டாரா? எழுப்பிட்டு நல்லா பாருங்கண்ணே." மயக்க மருந்து கொடுப்பவர்கூடச் சிரித்தார்.

மறுபடி தொட்டேன். அவசரப்படாமல், முழு விரலையும் பதித்து. துளி அசைவில்லை.

"இருக்கு சார்" என்றேன்.

அந்த அறையில் 'இல்லை' என்றால்தான் சந்தேகம் வரும். 'இருக்கு' என்று சொன்னதை யாரும் மறுபடி கேட்டதில்லை. அவர் வெட்டினார். நான் வழக்கம்போல நூல் பிடித்தேன். தையல் நெருக்கமாகவே போட்டோம்.

அந்த வாரமே கல்லீரல் கெட்டுத் தையல்காரர் போய்விட்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிதர். பெரிய டாக்டரின் முகம் ஒருதரம் தொங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் நீங்கள் விசாரித்தபோது அவர் என்ன சொன்னார்? "அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. தன் விரல்ல துடிக்கறதையே குழாய்த் துடிப்புன்னு நெனச்சிட்டார். படிக்கிற பசங்க பண்ற தப்புதான். நான்தான் தொட்டுப் பாத்திருக்கணும்." கண் வேறு கலங்கினார். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அதனால்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானே வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

படிக்கிற பசங்க பண்ற தப்பாம். தயவுசெய்து திருத்தி எழுதுங்கள். அன்று இரண்டு தடவையும் என் விரல் சரியாகத்தான் சொன்னது. வாய்தான் மாற்றிச் சொன்னது, அதுவும் தெரிந்தே.

அந்தப் பெண்ணிடமும் யாராவது பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அப்பா ஒரு தூங்குமூஞ்சியின் கையில் சாகவில்லை என்று தெரிந்தால் அவளுக்கும் கொஞ்சம் மனசு ஆறும்.