பலாமரத்தடி இடம்

செம்மேட்டில் மேகம் பஞ்சாயத்து ஆபீஸ் ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்த காலை. தள்ளுவண்டி லைசென்ஸைப் புதுப்பிக்கும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பணியாரக்காரம்மா திடீரென்று சொன்னாள்:

“அவ வண்டி முன்னால நிக்கிற கூட்டத்தப் பாத்தே என் மாவு புளிச்சுப் போவுதுங்க.”

அவளுக்கு முன்னால் நின்ற புட்டுக்காரி திரும்பினாள். ‘அவ’ என்றது இவளைத்தான்.

“ஏனுங்க்கா, என் புட்டு நல்லாருக்குது, வாராங்க.”

“புட்டுக்கா வாராங்க? மழைக்கும் வெயிலுக்கும் அந்தப் பலாமரத்தடியில ஒதுங்குற சனம் அது.”

“அப்படின்னா எடத்த மாத்திக்கலாங்க்கா. மரத்தடிய நீங்க எடுத்துக்கங்க. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க எடத்துக்குப் போறேன்.”

“நெசமாவா?”

“லைசென்ஸ்லயே எழுதச் சொல்லுங்க.”

இருவரும் ஒன்றாக மேசைக்கு வந்ததும் குமாஸ்தா பேனாவைத் திறந்தார். பணியாரக்காரம்மா கட்டணத்தை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

“வேண்டாமுங்க சாமி. பழைய எடத்தையே எழுதிருங்க.”

“ஏனுங்க்கா, என்னாச்சு?”

“நீ அந்தப் பக்கம் போயும் கூட்டம் உன் பின்னாலயே வந்துட்டா, அப்புறம் நான் எதச் சொல்லி மனசத் தேத்திக்கிறது?”