கூண்டு எந்தக் கரையில் இருந்தது

இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை, சார்ஜென்ட். வண்டி வாசலுக்கு வருவதற்கு வெகு முன்பே கீழே சமவெளியில் புழுதி எழும்பித் தெரிந்துவிடும். அதைப் பார்த்து அடுப்பில் தண்ணீரை வைத்தால், ஆள் வந்து தொப்பியைக் கழற்றும்போது தேநீர் தயாராக இருக்கும். நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது, அதனால் தட்டினீர்கள். நல்ல பழக்கம்தான். உட்காருங்கள். ஸ்கோன் இன்று காலை சுட்டது. வெண்ணெய் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் நான் சொன்னது சரியாகக் கேட்டிருக்காது. காற்றடிக்கும் நாளில் இந்த லைன் இரையும். என் தம்பி க்ளெம் இறந்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். தனியாக இருக்கும் வயதான பெண், மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். மனசெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நான் மெதுவாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் நோலா பெட்ரி. இந்தக் கிளென்டாராவில்தான் பிறந்தேன். பண்ணை என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, அன்றைக்கு இதில் ஒரு பிடி மண்கூட எங்களுடையதில்லை. எல்லாம் அரசாங்க நிலம். முப்பத்து மூன்று வருடக் குத்தகை, முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம். மேயும் புல் எங்களுடையது, அது வேர்விட்ட மண் அரசாங்கத்துடையது. அப்பா இதை வேடிக்கையாகச் சொல்வார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை. குத்தகைக்காரர்கள் அடக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்படியே இருந்தும் வந்திருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்பா போனதும் குத்தகை க்ளெம் பெயருக்கு மாறியது. அவன் எனக்கு நான்கு வயது இளையவன், ஆனால் ஆண்பிள்ளை. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. எனக்கும் அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. ஆட்டைத் திரட்டி இறக்க வருகிறவர்களுக்கும் மயிர் கத்தரிக்க வருகிறவர்களுக்கும் நான்தான் சமைத்தேன். ஆள் குறைந்த வருடங்களில் உச்சி முகட்டு வழியாக நாய்களோடு நடந்து ஆடுகளை நானே இறக்கியிருக்கிறேன். எந்தச் சரிவில் பனி முதலில் உருகும், எந்த ஓடையில் மெரினோ ஆடுகள் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று க்ளெம் என்னிடம்தான் கேட்பான். அதைக் கேட்பான். மற்றவற்றைக் கேட்க மாட்டான்.

அவன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரித்த முகம். நாயைக்கூட அதட்டத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் அவனுக்குப் பெரில் மேல் பிரியம் வந்தது. கீழே ஊரில் கடை வைத்திருக்கிறாளே, அந்தப் பெரில்தான். நல்ல பெண். குளிர் மட்டும் ஒத்துக்கொள்ளாது.

அந்தச் சமயத்தில்தான் நிலத்துறையிலிருந்து ஹாலிஸ் என்பவர் வரப்போக இருந்தார். அரசாங்கம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தது. உயரத்து நிலத்தைக் குத்தகைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது மக்களுக்கான காப்பு நிலமாகிவிடும். பதிலுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமுள்ள தாழ்நிலம் அவருக்கே சொந்தமாகிவிடும். நியாயமான ஏற்பாடு. நான் அதை ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஹாலிஸும் க்ளெமும் இதே மேசையில் வரைபடத்தை விரித்து, மலையின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டார்கள். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஹாலிஸ் என்னைப் பார்த்து, தேநீர்க் கெண்டியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். அந்த விஷயத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எல்லாம் முடிவான பிறகு, ஒருநாள் சாப்பிடும்போது க்ளெம் சொன்னான்.

"மேட்டு நிலத்தத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன், நோல். கீழ இருக்கறத வித்துட்டு நானும் பெரிலும் கடலோரமா டிமாரு பக்கம் போயிடுவோம். உனக்கும் ஊர்ல சின்னதா ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். கொழாயத் திறந்தா வெந்நீர் வரும்."

ஆடுகள் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அந்த உச்சியில மேயுறது ஆடு இல்ல நோல், உன்னோட பெருமை," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னான். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் குடிசை இருக்கிறது. ஆடு திரட்டுகிறவர்கள் தங்குவதற்கு. அந்த இலையுதிர் காலத்தில் வேலை முடிந்து ஆட்களெல்லாம் போன பிறகு, நான் போய் அதைச் சுத்தம் செய்தேன். போர்வைகளைத் துவைக்க எடுத்து வந்தேன். அங்கிருந்த விறகு முழுவதையும் தண்ணீர் காய்ச்சி எரித்துவிட்டேன், தரை அவ்வளவு அழுக்கு. தீப்பெட்டிகள் ஈரம் பட்டுக் கெட்டிருந்தன. புதிது வைக்க வேண்டும் என்று அவற்றையும் எடுத்து வந்தேன். புதிது வைக்கவில்லை. நான் மறதிக்காரி என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் குடிசைக்குப் போக ஆற்றின் மேல் ஒரு கூண்டு உண்டு. வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். இரு கரைக்கும் நடுவே கம்பிவடம், அதில் தொங்கும் ஒரு மரப்பெட்டி. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கையால் இழுத்துக்கொண்டே போகலாம். எந்தக் கரையிலிருந்தும் கூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம், மறு கரையில் கொக்கி மாட்டாமல் இருந்தால். உபயோகத்தில் இல்லாதபோது வீட்டுப் பக்கத்துக் கொக்கியில் மாட்டி வைக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. கூண்டும் அவர்களுடையதுதான்.

முதல் பனி விழுந்ததும் க்ளெம் அக்கரைக்குப் போனான். நிழல் சரிவில் சில காயடித்த கடாக்கள் பின்தங்கி நின்றுவிட்டன. அவற்றைக் கீழே ஓட்டிவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றான். மதியத்துக்கு மேல் வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அடுப்பில் ஆட்டுத் தொடையை வைத்துவிட்டு நான் ஆற்றுக்குப் போனேன். கூண்டு அக்கரையில் இருந்தது. விதிப்படி அதை இந்தப் பக்கம் இழுத்துக் கொக்கியில் மாட்டினேன்.

உபயோகத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். அந்த நிமிடத்தில் அதில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் க்ளெம் நாயோடு இறங்கி வந்தான். அந்த இடத்தில் ஆறு ஒடுக்கம், ஆழம். கத்திப் பேசினால் கேட்கும். என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். கையை ஆட்டினான்.

"கூண்ட அனுப்பு நோல்."

கூண்டு இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், அதுதான் விதி என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"விதி பேசுற நேரமா இது? கை ரெண்டும் மரத்துப்போச்சு."

"மேட்டு நிலத்தப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

காதில் கையைக் குவித்தான். இரைச்சலில் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை கேட்டது. சிரிப்பு நின்றது.

"சரி, இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"இப்பக் கேட்டா அது கேட்டதாகுமா?"

"வீட்டுக்கு வந்து பேசலாம் நோல். நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செஞ்சுடலாம்."

அவன் அப்படிச் சொன்னான் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிற மனிதன் எதையும் சொல்வான். அதை யோசித்துச் சொன்ன அபிப்பிராயமாக எடுத்துக்கொள்வது அவனுக்குச் செய்யும் நியாயமாகாது. ராத்திரி குடிசையில் தங்கிக்கொள், காலையில் வருகிறேன் என்றேன்.

"அங்க ஒண்ணுமே இல்லயே. போர்வையெல்லாம் நீதானே எடுத்துட்டுப் போன?"

"ஆமா, தொவைக்க," என்றேன்.

அதற்குப் பிறகு அவன் வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் அவன் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அடுப்பில் கறி இருந்ததால் நான் கிளம்பிவிட்டேன்.

ஒரு ராத்திரி யோசித்துப் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். ஒரு ராத்திரிக் குளிர் யாரையும் ஒன்றும் செய்துவிடாது, பாறை மறைவில் படுத்து எழுந்தவர்களை எனக்குத் தெரியும். பனி அப்படிக் கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை.

நான் சாப்பிட்டு முடிக்கும்போது நாய் கதவைப் பிறாண்டியது. அதோ அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறதே, ஜெட், அவள்தான். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். க்ளெமை விட்டு அவள் எங்கும் போக மாட்டாள். அவன் தண்ணீரில் இறங்கியிருந்தால்தான் அவளும் இறங்கியிருப்பாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவளைத் துவட்டி அடுப்புக்கு முன்னால் படுக்க வைத்தேன். தட்டில் இருந்த எலும்பைப் போட்டேன். லாந்தரை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கலாம். அவன் எங்காவது கரை ஒதுங்கி, உயிரோடு, கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அவனைக் கண்டுபிடித்திருந்தால் அவன் பேசியிருப்பான். ஊரில் என்ன நினைப்பார்கள்?

காலையில் கொக்கியைக் கழற்றிக் கூண்டை நடு ஆற்றுக்கு நகர்த்தி விட்டுவிட்டு வந்து, பக்கத்துப் பண்ணை டெஸ்மண்டைக் கூப்பிட்டேன். அவர் ஆட்களோடு வந்து, ஆறு விரியும் இடத்தில் சரளைத் திட்டில் க்ளெமைக் கண்டுபிடித்தார். விசாரணையில் எல்லாரும் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கூண்டு காற்றில் தானாக நழுவி நடுவில் மாட்டிக்கொண்டிருக்குமோ என்று கேட்டார்கள். அப்படி நடக்கலாம் என்றேன். நடக்கத்தானே செய்யும்? நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாயை யாரும் விசாரிக்கவில்லை.

அடக்கத்தன்று பெரில் மிகவும் அழுதாள். அவளுக்கு க்ளெமுடைய நல்ல கோட்டைக் கொடுத்தேன். குளிருக்கு ஆகும் என்று.

வசந்தத்தில் ஹாலிஸ் திரும்ப வந்தார். குத்தகை சட்டப்படி என் பெயருக்கு வந்திருந்தது. இந்தத் தடவை அதே நாற்காலியில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ் பெட்ரி?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவரை மூன்று தடவை அப்படி வரவழைத்தேன். நல்ல மனிதர், ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு கையெழுத்துப் போட்டேன். க்ளெம் ஒத்துக்கொண்ட அதே ஏற்பாடு, பென்சிலால் போட்ட அதே கோடு. உயரத்து நிலத்தைக் கொடுத்துவிட்டேன். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன், சார்ஜென்ட். நான் தனி ஆள். அந்த மலையில் ஏறி ஆடு இறக்க இனி என்னால் முடியுமா? க்ளெம் சொன்னது தப்பு என்று நான் எப்போதாவது சொன்னேனா? சரியான முடிவுதான். யார் எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு.

போன சனிக்கிழமை விழா வைத்தார்கள். குடிசையை இடித்துவிட்டு, மலையேற வருகிறவர்களுக்காகப் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். என்னுடைய நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தலைநகரத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து பேசினாள். இந்த மலைகளை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த பெருந்தன்மைக்காரர் என்றாள், அந்த நிலத்திலேயே உயிரை விட்டவர் என்றாள். துணியை விலக்கினாள். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து: க்ளெம் பெட்ரி குடிசை. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற டெஸ்மண்ட் என் தோளைத் தொட்டு, "அவன் ஆசப்பட்டத நீ நிறைவேத்தி வெச்சிட்டே, நோலா," என்றார். நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து கோட்டை மாட்டிவிட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

க்ளெம் எதையும் கொடுக்கவில்லை, சார்ஜென்ட். கொடுத்தது நான். கூண்டை இந்தக் கரைக்கு இழுத்துக் கொக்கியில் மாட்டி, என் தம்பியை ஆற்றில் சாகவிட்டதும் நான்தான். இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிட்டால் ஊரில் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவார்கள்.