நாலாவது வீடு

— அலாரம் ஆப்புக்கு எதுக்குண்ணா என் கான்டாக்ட் எல்லாம்? என்னை எழுப்பிட்டு ஊரையும் சேத்து எழுப்பப் போகுதா?

— கேலி பண்ணாத பாப்பா. படிச்சுப் பாக்காம நீ 'சரி, சரி'ன்னு அமுக்குறதாலதான் மாப்பிள்ளை எங்க போனாலும் கண்டுபுடிச்சு வந்துடறாரு.

— ஒரு வருஷத்துல மூணு வீடு. மூணுக்கும் குடி போன ஒரே வாரத்துல வந்து நின்னான். கடைசி வீட்டுல கதவையே ஒடச்சான். அன்னிக்கு நான் உள்ள இருந்திருந்தா இன்னிக்கு உன் முன்னாடி உக்காந்திருக்க மாட்டேன்.

— அதான் இப்ப வேரோட புடுங்குறேன். இந்த கீபோர்ட் ஆப்பத் தூக்கு. நீ அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் நமக்குத் தெரியாம எங்கயோ போகுது. வேலியே பயிர மேயுற கதை. இத வை, எதையும் வெளிய அனுப்பாது.

— போன தடவ மேப்ப மாத்தின. அதுக்கு முன்னாடி மெசேஜ் ஆப். அப்பவும் இதேதான் சொன்ன.

— பத்து வருஷமா இதே கடையில போன் ரிப்பேர் பண்றேன், எனக்குத் தெரியாதா? போட்டோ எடுத்தா எடுத்த இடமும் அதுக்குள்ள பதிஞ்சுக்கும், அதையும் நிறுத்தியாச்சு. பாஸ்வேர்ட் போடு. நீளமா.

— பொண்ணோட பொறந்த நாள் போடவா?

— நல்லா இருக்கு. பெத்த அப்பனுக்குத் தெரியாத பொறந்த நாளா?

— அவ இப்ப ஸ்கூல்ல யார்கிட்டயும் பேசறதில்லயாம். ஏண்டின்னு கேட்டேன். 'எப்படியும் போயிடுவோம்லம்மா'ங்கறா.

— கொழந்தைக்காகவாவது நீயும் கொஞ்சம் யோசிக்கலாம். மாப்பிள்ளை இப்பல்லாம் குடிக்கிறதே இல்லயாம்.

— யார் சொன்னா?

— யாரோ பேசிக்கிட்டாங்க. அத விடு. லொகேஷன் ஆஃப்ல இருக்கா பாரு.

— ஆஃப்லதான் இருக்கு. எனக்கு இப்ப பயம்கூட இல்லண்ணா, அலுப்புதான். பெட்டிய அவுத்துத் துணிய அடுக்கக்கூட கை வர மாட்டேங்குது. எதுக்கு, மறுபடி கட்டத்தானேன்னு இருக்கு.

— இந்தத் தடவ அவுத்து அடுக்கு. நாலாவது வீடு நெலைக்கும். லாண்டிரிக்கு மேல மாடிதானே? காத்து வருதா?

— அந்த லாண்டிரியில என்கூடப் படிச்சவ ஒருத்தி வேல பாக்கறா. காலையில போட்டோ எடுத்து அனுப்பினா. ஏழு மணியில இருந்து அவன் அந்த மாடிப்படியில உக்காந்திருக்கான்.

— அடக் கடவுளே. அப்ப இந்த போன்ல இன்னும் ஏதோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. குடு, மொத்தமா அழிச்சுடறேன்.

— போன்ல ஒண்ணும் இல்லண்ணா. அந்த மாடிக்கு நான் குடி போகவே இல்ல. வேணும்னேதான் அந்த அட்ரஸ சொன்னேன், உன்கிட்ட மட்டும்.