நாலரை அடி வாசல்

– நாலரை அடின்னா நாலரை அடிதான், சந்தனராஜூ. வாசல் நிலை ஒரு விரக்கடை ஒசரக்கூடாது.

– சேசுவே! செவந்தியக்கா, நான் கொத்து வேலை பாக்குறது கலை மன்றத்துக்கா, ஆட்டுக் கொட்டகைக்கா?

– மன்றத்துக்கு எடம் குடுத்தது யாரு?

– நீங்கதான். வீட்டுக்காரரு வச்சுட்டுப் போன இலுப்பூர் ரோட்டு மனைக்கட்டைத் தூக்கிக் குடுத்தீங்க. யாரு இல்லைன்னா?

– அப்ப வாசல் நான் சொல்றபடிதான். பண்ணையார் விளக்கேத்த வரணும். தலைப்பாகையோட குனிஞ்சு உள்ள நுழையணும். அதை நான் எதுத்தாப்ல நின்னு பாக்கணும்.

– எல்லாரும் ஹெட்மாஸ்டரைக் கூப்பிடலாம்னப்ப, நீங்க ஒத்தக்கால்ல நின்னு அந்த மனுசனைக் கேட்டது இதுக்குத்தானா?

– பின்ன ஆசையிலயா? ராசா சமஸ்தானம் ஒழிஞ்ச வருசம், அவங்க ஊரு மாசித் திருவிழா. நான் கரகத்தோட சுத்திக்கிட்டு இருக்கேன். 'என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஆடுடி'ன்னான். கரகத்தை எறக்கி வச்சுட்டுக் கும்பிடுறேங்க சாமின்னேன். விட்டானா? பிடரியில கைய வச்சு அமுக்குனான். கரகம் விழுந்து சில்லுச் சில்லாப் போச்சு. அபசகுனம் புடிச்சவன்னு சொல்லி ஊர் எல்லை வரைக்கும் வெரட்ட விட்டான். அவன் என் முன்னால குனியிற வரைக்கும் கரகத்தைத் தொடமாட்டேன்னு அன்னைக்குச் சொன்னேன். பன்னெண்டு வருசமாச்சு.

– தெரியும்க்கா. ஆனா நம்ம ஆளுகளை நெனச்சுப் பாத்தீங்களா? ஆவூர்ப் பாஸ்கா நாடகத்துல எனக்குப் பிலாத்து ராசா வேசம். கிரீடத்தோட எப்படி நுழைவேன்? டேப்புக் கொட்டைத் தட்டிப் பாடுற கட்டுமாவடி சாயபு, பனமரமாட்டம் ஒசரம். கறம்பக்குடி இருளாண்டி காலமெல்லாம் கோயிலுக்கு வெளியிலயே நின்னு தப்படிச்சவன். 'இங்கயாச்சும் நிமிர்ந்து உள்ள போகலாமாண்ணே'ன்னு கேட்டான்.

– நமக்கெல்லாம் குனிஞ்சு பழக்கந்தானே? ஒரு நாளைக்குப் பொறுக்கச் சொல்லு. அவனுக்குத்தான் புதுசு.

– அக்கா, ஒண்ணு சொல்லணும்.

– ஒண்ணும் வேணாம். சாந்தைக் குழை.

– நேத்து வெத்தலபாக்கு வச்சு அழைக்கப் போனேன்ல?

– வாரேன்னானா?

– வாரேன்னாரு. ஆனா அவருக்குக் கூன் விழுந்துபோச்சுக்கா. நாலஞ்சு வருசமாச்சாம். கம்பை ஊனிக்கிட்டுத் தரையைப் பாத்துத்தான் நடக்குறாரு. என் மூஞ்சியை ஏறிட்டுப் பாக்க முடியல, கால்விரலைப் பாத்தே பேசுனாரு. நாலரை அடியில அவரு தலை இடிக்காது. நம்ம தலைதான் இடிக்கும்.

– பொய் சொல்லாதடா!

– அந்தோணியார் சத்தியமா.

– அந்த ஊருப் பேச்சை யாரு எடுத்தாலும் காதைப் பொத்திக்குவேன். அதான் தெரியாமப் போச்சு. அட தெய்வமே! நான் குனிய வைக்கணும்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீ முந்திக்கிட்டியே!

– ஆண்டவரே குடுத்துட்டாரு. இனி மன்னிச்சு விட்டுருங்கக்கா.

– மன்னிக்கிறதா? அது ஒங்க கோயில்ல. இங்கிட்டு வா. நிலையை எட்டடி வை.

– எட்டடியா?

– என் தலை, அதுக்கு மேல கரகம், அதுக்கு மேல கிளி. எதுவும் இடிக்கக்கூடாது.

– ஆடப் போறீங்களா? என் தாயே!

– ஆடுறேன். இருளாண்டியவே தப்படிக்கச் சொல்லு. பண்ணையாருக்கு முன் வரிசையில நாற்காலி போடு, எனக்கு நேரா.

– அவரால நிமிர்ந்து கரகத்தைப் பாக்க முடியாதேக்கா?

– கரகத்தை அவன் எதுக்குப் பாக்கணும்? விடிய விடிய என் காலையே பாக்கட்டும்.